தலையணைக்கு அடியில் ஒரு பொம்மை

நாளை மகளுக்கு ஆபரேஷன். குழந்தைகள் வார்டில் விளையாட்டுக் காட்டிப் பயம் போக்க வரும் அந்தப் பெண்மீது எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். நான் நுழைந்தாலே இருவரும் கப்சிப். துணிப் பொம்மை தலையணைக்கு அடியில் போய்விடும். வீட்டு விஷயத்தை நோண்டுகிறாளோ?

“என்னடி மறைக்கிறே?”

“உனக்குச் சொல்ல மாட்டேன், போப்பா!”

இன்று கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

“அழக் கூடாது. கொஞ்ச நேரம்தான். தண்ணி குடிச்சிட்டு சமத்தா உட்காரு.” மகள் பொம்மையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பாய்ந்து போய்ப் பிடுங்கினேன். பொம்மையின் முகத்தில் பேனாவால் வரைந்த என் மூக்குக்கண்ணாடி, என் மீசை.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“பாப்பாவுக்குப் பயம் முதல் நாளே போயிடுச்சு சார். இந்த ஒத்திகை, நாளைக்கு வெளியே உட்காரப்போற உங்களுக்காக.”