சொலாஞ்ஜ் கற்றுக்கொடுத்த வசனம்

பரிமாற்ற நாடகத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்காரர்கள் ஆங்கிலத்திலும், ஆங்கிலப் பள்ளிக்காரர்களான நாங்கள் பிரெஞ்சிலும் பேச வேண்டும். மேடையேறும்வரை டீச்சர்கள்கூடக் கேட்கமாட்டார்கள். பிரெஞ்சு தெரியாத எனக்கு, அந்தப் பிரெஞ்சுப் பள்ளி மாணவி சொலாஞ்ஜ் தானே ஒரு வசனம் அமைத்து வாயாலேயே சொல்லிக்கொடுத்தாள்.

“அர்த்தம் உனக்கு வேணாம்டி. என்னைமாதிரி அழாம, சத்தமாச் சொல்லு, போதும்.”

ஓர் எழுத்து பிசகாமல் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் எங்கள் பெற்றோர் கைதட்டினார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாரும் அசையவில்லை. முன்வரிசையில் சொலாஞ்ஜின் அம்மா மெதுவாகத் திரும்பி, பக்கத்திலிருந்த தன் கணவரைப் பார்த்தார். கணவர் எழுந்து, எனக்குப் புரியும்படி தமிழில், “நிறுத்து” என்றார்.

பதறிப்போய்ப் பக்கத் திரையைப் பார்த்தேன். அங்கே நின்ற சொலாஞ்ஜ், சத்தமில்லாமல், அடுத்த வரிக்கு வாயசைத்துக்கொண்டிருந்தாள்.