ஒரு தொட்டிப் புதினா

"புதினா" என்றார் என் கணவர், கண்ணைத் திறக்காமலே.

கசக்கிய இலையை நான் இன்னும் அவர் மூக்கடியில்தான் பிடித்திருந்தேன். நிஜமாகவா என்று கேட்டேன். வாசனை நன்றாகவே வருகிறது என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவருக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. தையல்காரருக்கு மூக்கு வேலை செய்யாவிட்டால் என்ன, தைத்துப் பிழைத்துக்கொள்வார். இவர் கேஸ் மெக்கானிக். குழாயில் எங்கே கசிகிறது என்று முதலில் சொல்ல வேண்டியது மூக்குதான். சோப்பு நுரை தடவிப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.

மூக்கு சரியானதும் வா என்று முதலாளி நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து மனிதர் தினமும் குளித்து, வேலைக்குப் போகிற சட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

வாசனையுள்ள எதையாவது தினமும் முகர்ந்து பழகினால் மெதுவாகத் திரும்பி வரலாம் என்றார் டாக்டர். அதற்காகத்தான் இந்தத் தோட்டம்.

தோட்டம் என்றால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு தொட்டி. நான் அதற்கு முன்னால் ஜென்மத்தில் ஒரு செடி வைத்ததில்லை. கொத்தமல்லி விதையை டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே முழுசாகத் தூவினேன். இரண்டாக உடைத்துப் போட வேண்டுமாம், எனக்கென்ன தெரியும்? ஒன்றுகூட முளைக்கவில்லை.

புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டுகளை ஊன்றி வைத்தேன். பாசம் பொங்கிக் காலையும் மாலையும் தண்ணீரை ஊற்றித் தள்ளியதில் எல்லாம் அழுகிச் சாய்ந்தன. அவ்வளவுதான், என் கைராசி இதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அதே மண்ணில் பச்சையாக ஒரு துளிர் தலைகாட்டியது. விளிம்பெல்லாம் பல் பல்லாக இலை. வேர் பிழைத்துவிட்டது என்று குதித்தேன்.

அதன் பிறகு தினமும் ஒரு இலை. கசக்கி முதலில் நான் முகர்வேன், வாசனை ஆளைத் தூக்குகிறது என்பேன், பிறகு அவரிடம் நீட்டுவேன். அவர் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

இன்றைக்குத்தான் கண்ணை மூடச் சொல்லி நீட்டினேன். வீட்டில் இருப்பதே ஒரு செடி, அதில் பரீட்சை வைத்த புத்திசாலி நான்.

அவர் உடனே முதலாளிக்குப் போன் செய்துவிட்டார். நாளைக் காலையிலேயே வரச் சொன்னாராம். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் குழாய் இணைப்பைச் சோதிக்க வேண்டுமாம். கருவிப் பையைப் பரணிலிருந்து இறக்கி ஒவ்வொரு ஸ்பானராகத் துடைக்கத் தொடங்கினார். அவர் விசிலடிப்பதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

சாயங்காலம் நாத்தனார் வந்தார். என் கணவரின் அக்கா. மொட்டைமாடி முழுக்கச் செடி வைத்திருப்பவர், என் சமையலில் தொடங்கி நான் துணி காயப்போடும் விதம் வரை எல்லாவற்றிலும் குறை சொல்லத் தெரிந்தவர். இன்றைக்கு விடுவேனா? கையைப் பிடித்து இழுத்துப் போய் ஜன்னலோரம் நிறுத்தினேன். உங்கள் தம்பியின் மூக்கைத் திருப்பிக் கொடுத்த செடி இதுதான் என்றேன்.

அவர் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். இன்னொன்றைக் கிள்ளி மறுபடி முகர்ந்தார்.

"ஏம்மா, இது புதினாவே இல்லையே. மண்ணோட வந்த களை. ஒரு வாசனையும் கிடையாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பினேன். சமையலறை வாசலில் ஸ்பானரும் கையுமாக என் கணவர் நின்றிருந்தார். விசில் நின்றுபோயிருந்தது.

பொய்யா சொன்னீர்கள் என்று கேட்டேன். நாளைக்குப் போகிற இடத்தில் எத்தனை குழந்தைகள் இருக்கும்! நாத்தனார் அவர் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி மேடைமேல் வைத்தார்.

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தினம் நீ முகர்ந்துட்டு வாசனை தூக்குதுன்னு சொல்வே. செடி நல்லாத்தான் இருக்கு, என் மூக்குதான் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். இன்னைக்குக் கண்ணை மூடறதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பார்த்தப்போ இல்லைன்னு சொல்ல மனசு வரல. வருதுன்னுட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். கையில் கசக்கிய களையோடு நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

காய்ச்சல் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில்தான் வந்தது. வீட்டில் ஒரு மூக்காவது வேலை செய்கிறது என்று அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் என்னைத் தாண்டி உள்ளே போய், அடுப்புக்குக் கீழே குனிந்து, சிலிண்டரை மூடினார்.