ராணிக்கு மட்டும் விலக்கு

இடமிருந்து வலம் பதினேழில் என் பேனா நின்றுவிட்டது.

'யார்க்ஷயர் சதுரங்க சாம்பியன், விட்பி ஊர்க்காரர். ஏழு எழுத்து.' விடை: Verrill, வெரில்.

புதிரை அனுப்பியவரும் வெரில்தான். ஈனிட் வெரில். பத்தொன்பது வருடமாக எங்கள் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்து போட்டுத் தருகிறவர். சாம்பியன், அவருடைய ஒரே மகன் ஏட்ரியன்.

மற்றதெல்லாம் எப்போதும்போல. பெர்லினில் நான்கு தங்கம் வாங்கிய ஓட்டக்காரர். பொன்னால் ஆன, எங்குமே இல்லாத ஊர். டச்சுக்கார உலகச் சதுரங்க சாம்பியன். அவர் பெயரில் நான்கு எழுத்து, அதில் மூன்று உயிரெழுத்து. கட்டம் சிக்கிக்கொண்டால் புதிர் போடுகிறவர்கள் அத்தனை பேரும் போய் விழுவது அந்த மனிதர் காலில்தான்.

பதினேழுதான் உதைத்தது.

எங்கள் பத்திரிகையில் ஒரு பழைய விதி உண்டு. உயிரோடு இருக்கிற யாரும் விடையாக வரக் கூடாது. ராணிக்கு மட்டும் விலக்கு. போன மாதம்கூட ஒரு கிரிக்கெட் வீரரை வெட்டினேன். செத்துவிட்டார் என்று நினைத்துப் போட்டிருந்தார்கள். விசாரித்தால் மனிதர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்.

நான்கு வருடத்துக்கு முன் ஏட்ரியன் தனியாகப் படகெடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போனான். மூன்றாம் நாள் படகு மட்டும் கரை ஒதுங்கியது.

போலீஸ் சொன்னார்கள். பாதிரியார் சொன்னார். தேவாலயத்தில் ஒரு நினைவுப் பிரார்த்தனையாவது வைத்துவிடலாம் என்று கணவர் வால்டர் கெஞ்சிப் பார்த்தார். "எங்க என் புள்ள? கொண்டுவந்து காட்டு, அப்புறம் பேசு," என்றுவிட்டார் ஈனிட். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. நானும்தான். எனக்கென்ன வந்தது என்று சும்மா இருந்துவிட்டேன்.

பாவம், பாசத்தில் விதி மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் வெட்டினால் அந்த மூலையே கலைந்துவிடும். அவரிடம் சொல்லாமல் முடியாது. ஃபோனை எடுத்தேன்.

"ஈனிட், பதினேழுல நம்ம ஏட்ரியன் பேரு வந்திருக்கு. உயிரோட இருக்கறவங்களைப் போடக் கூடாதுன்னு..." என்று இழுத்தேன்.

"விதி எனக்குத் தெரியாதா கண்ணு? இந்தப் பத்திரிகைக்கு உனக்கு முன்னாடி வந்தவ நான்."

குரலில் ஒன்றுமே இல்லை. பால்காரரிடம் நாளைக்கு ரெண்டு பாட்டில் போதும் என்று சொல்கிற குரல்.

தெரிந்தேதான் போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. மேசையில் இருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "யாரும்மா ஃபோன்ல?" வால்டரின் குரல்.

"பத்திரிகை ஆபீஸ்லருந்து. ஏட்ரியன் செத்துட்டானாம்."

நான் அப்படிச் சொல்லவே இல்லை.

ரிசீவர் கை மாறியது. ஒரு பெருமூச்சு கேட்டது. "நிஜமாவாப்பா?"

"ஆமா, வால்டர்," என்றேன்.