சன்னலில் விழுந்த வெளிச்சம்

"ஏன்டி கோகிலா, உன்ற கார் லைட்டு நேரா என்ற ரூமுக்குள்ளயே அடிக்குது!"

"நான் என்னக்கா பண்றது? மனுசன் ஓட்டுற வண்டின்னா லைட் எரிஞ்சே ஆகோணுமுங்க. சட்டம்!"

கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் இப்போது எல்லாக் கார்களும் தாமே ஓடுகின்றன. இருட்டிலும் வழி தெரிவதால் அவற்றுக்கு விளக்கே கிடையாது. கோகிலா மட்டும் வீட்டுக் கொட்டகையில் ஸ்டியரிங் வைத்த கார் ஒன்றைக் கட்டி முடித்திருந்தாள். எதிர்வீட்டு நாகமணி சும்மா விடுவாளா? புகார் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா சரியென்றால்தான் அனுமதி என்றான் வண்டிகளைச் சோதிக்கும் இளவயது இன்ஸ்பெக்டர்.

அந்தி சாய்ந்ததும் சோதனை. நாகமணி சண்டைக்குத் தயாராக அறையில் நின்றாள். கார் தெருமுனையில் திரும்பியது. சன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் எழுந்து, மெல்ல நகர்ந்து, கதவருகே மறைந்தது. மில்லிலிருந்து அவள் புருஷனின் ஸ்கூட்டர் திரும்பும்போதும் இப்படித்தான் நகரும். அதைப் பார்த்துத்தான் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள். அவர் போய் எத்தனையோ வருஷமாயிற்று, கை மறக்கவில்லை.

"லைட்டு தொந்தரவுங்களாம்மா?" என்றான் வாசலுக்கு வந்த இன்ஸ்பெக்டர்.

"அதுபாட்டுக்கு எரியட்டும். ரெண்டு பேரும் உள்ள வாங்க, கல்லு காயுது."

அந்தத் தோசையில்தான் ஆரம்பம் என்று தெருவே பேசியது. கோகிலா இன்ஸ்பெக்டரையே கட்டிக்கொண்டு, அதே காரில் பொள்ளாச்சிக்குக் குடிபோய்விட்டாள். வெளிச்சத்தை மறைக்க நாகமணி வாங்கிய திரைச்சீலை இன்னும் பிரிக்காமலே கிடக்கிறது.