தணிகைவேலின் கடவுச்சொல்

சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டில் மேசைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள் சுகிர்தா.

தணிகைவேல் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"மழை," என்றார்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

அவர் மனைவி கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எதக் கேட்டாலும் மழைதான் கண்ணு. பசிக்குதான்னு கேட்டாலும் மழை. எம் பேரென்னன்னு கேட்டாலும் மழை."

மூளையில் ரத்த அடைப்பு. கை கால் தப்பித்துவிட்டன. பேச்சுதான் போய்விட்டது.

சுகிர்தா அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. கோயம்புத்தூரில் பல நிறுவனங்களின் சர்வர் கணினிகளை அவர்கள் கம்பெனி பராமரித்தது. எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் நுழைந்துதான் பார்க்க வேண்டும். அதில் முழு உரிமை உள்ள கணக்கு ஒன்றே ஒன்று.

அவருடையது.

"ரெண்டு பேருகிட்ட சாவி இருந்தா அது பூட்டே இல்லீங்க," என்று முதலாளியிடமே சொன்னவர்.

காலையிலிருந்து ஒரு ரத்த வங்கியின் சர்வர் படுத்துக் கிடந்தது. எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. போன் மேல் போன்.

கிளம்பும்போது முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். "உள்ள போனதும் உம் பேர்ல எல்லா உரிமையும் போட்டுக்க. அப்படியே அவரு கணக்கத் தூக்கிரு. இனி அவரால ஆவாதும்மா."

அதற்கு என்ன பொருள் என்று சுகிர்தாவுக்குத் தெரியும்.

கோகிலவாணிக்குத் தெரியாது.

"பாஸ்வேர்டு மட்டும் போடுங்கண்ணா. மெதுவா யோசிச்சு."

அவர் யோசித்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார்.

தவறு.

மறுபடியும் யோசித்தார். நெற்றி வேர்த்தது.

தவறு.

இன்னொரு முறை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். பிறகு யாராலும் நுழைய முடியாது.

"உட்ரு கண்ணு," என்றாள் கோகிலவாணி. "பாவம், அவரப் போட்டு..."

சுகிர்தா கணினியை மூடக் கை நீட்டினாள். அந்நேரம் நர்ஸ் உள்ளே வந்தாள். ராத்திரி தூங்கினாரா, காலையில் மாத்திரை போட்டாரா என்று வரிசையாகக் கேட்டாள்.

அவர் எரிச்சலோடு நர்ஸ் பக்கம் திரும்பினார். வேலைக்கு நடுவே யாராவது பேச்சுக் கொடுத்தால் திரும்புவாரே, அதே திரும்பல்.

விரல்கள் மட்டும் திரும்பவில்லை. திரையைப் பார்க்காமலே கடகடவென்று தட்டின. முடித்துவிட்டுத்தான் நின்றன.

கோகிலவாணியின் கைப்பையில் அவருடைய போன் அதிர்ந்தது.

எடுத்து அவரிடம் நீட்டினாள்.

'உள்ளே நுழைய முயல்வது நீங்கள்தானா?'

கீழே ஆம். இல்லை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கட்டைவிரலை வைத்தார்.

ஆம்.

திரை திறந்தது. மேல் மூலையில் அவர் பெயர். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நர்ஸ் வெளியே போனதும் சுகிர்தா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரத்த வங்கியின் சர்வரை எழுப்பினாள். தன் பெயருக்கு உரிமைகளைப் போட்டாள். வெளியேறி, தன் பெயரில் மறுபடி நுழைந்தாள்.

பட்டியலில் அவர் பெயரைத் தேடி எடுத்தாள்.

'இந்தப் பயனரை நீக்கவா? நீக்கினால் திரும்பப் பெற முடியாது.'

கோகிலவாணி அவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் சுகிர்தாவையே பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.

சுகிர்தா பார்வையைத் தாழ்த்தி அழுத்தினாள்.

கணினியைப் பையில் வைத்து, "வர்றேங்கக்கா," என்று எழுந்தபோது அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார். உதடுகள் எதற்கோ முட்டி மோதின. கழுத்து நரம்பு புடைத்தது.

"நாளைக்கு... ஆபீசு... வந்தர்றேன்."

கோகிலவாணியின் கையிலிருந்த தட்டு விழுந்தது. "பேசிட்டாரு! கேட்டியா கண்ணு, பேசிட்டாரு!" நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே வெளியே ஓடினாள்.

அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வாங்கண்ணா," என்றாள்.

பிடி தளரவில்லை.