போர்வைக் குளம்

பக்கவாதத்தில் ஜெபமாலையின் இடது கை விழுந்து நான்கு மாதமாகியிருந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் கையைத் தூக்கச் சொன்னபோதெல்லாம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளியில் கணினி ஆசிரியராக இருந்த அவள் கணவர் அருளப்பன், பழைய புரொஜெக்டர் ஒன்றையும் அசைவை அறியும் வீடியோ கேம் கேமராவையும் வாங்கிவந்து கட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார். மத்தியானம் ஜன்னலைச் சாத்தியதும் அவள் போர்த்தியிருந்த வெள்ளைப் போர்வை குளமாயிற்று. செம்மஞ்சள் மீன்கள் அவள் முழங்காலைச் சுற்றி நீந்தின.

"கையை அசைச்சா பக்கத்துல வரும்," என்றார்.

அவள் அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு மீன் மட்டும் கூட்டத்தை விட்டுப் போர்வையின் ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது.

"என்னங்க, அது ஏன் தனியாக் கிடக்கு?"

"புரோகிராம்ல எங்கேயோ பிழை, ஜெபமாலை. நாளைக்குச் சரிபண்ணிடுறேன்."

"நாளை வரைக்கும் அது அப்படியே கிடக்குமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த மீனையே பார்த்தாள். போர்வையில் ஒரு சுருக்கம் விழுந்தது. இடது கையின் சுட்டுவிரல் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தது. மீன் திரும்பி, மெதுவாக நீந்திவந்து, அவள் புறங்கையின் மேல் நின்றது.

"சில்லுனு இருக்குங்க," என்றாள்.

வெந்நீர் பட்டாலும் உணராத கை அது. வெறும் வெளிச்சம்தானே என்று சொல்ல வாயெடுத்த அருளப்பன், கட்டில் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"தண்ணி அப்படித்தாம்மா இருக்கும்," என்றார்.