ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க

நெவில் கொக்கியைக் காரில் மாட்டி, தன் லாரியில் ஏற்றப் பார்த்தார். காரை விற்ற ராவிரி பாய்ந்து வந்து குறுக்கே நின்றான்.

"ஓட்டிக்கூடப் பார்க்காம இழுத்துட்டுப் போறீங்களா?"

"கேட்ட பதினெட்டாயிரம் டாலரை அனுப்பிட்டேனே தம்பி."

"பணம் கிடக்கட்டும். ஜப்பான்லேருந்து ஆக்லாந்து வந்தப்ப இது சாதா ஸ்போர்ட்ஸ் கார். ஆறு வருஷமா ஒவ்வொரு பாகமா நானே மாத்தியிருக்கேன். என்ன டர்போன்னு கேட்டீங்களா? சைலன்சரையாவது குனிஞ்சு பார்த்தீங்களா?"

"எனக்கெதுக்குப்பா அதெல்லாம்?"

ராவிரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தை பிறக்கப்போகிறது, காரில் இருப்பதோ இரண்டே இருக்கை. அதனால்தான் விற்கிறான். அதற்காக இப்படி ஒரு ரசனை கெட்ட மனிதரிடமா?

"நீங்க காயலான் கடைக்காரரா? ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அந்தச் சத்தத்தைக் கேளுங்க. இல்லேன்னா பணத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டுக் கிளம்புங்க."

"ஐயையோ, வேண்டாம்பா," நெவில் பதறிப்போய்ச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தினம் காலையில அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இன்ஜினைச் சூடேத்துவீங்களே, மூணு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்க பின்வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு என்னுது. எங்க தெருவுல பன்னிரண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்துதான் இதை வாங்குறோம்."